வெடியும் நஞ்சும் கூடுமிடம்

1944ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 14ஆம் நாள் பிற்பகல், பம்பாய்த் துறைமுகத்திலே 'போர்ட் ஸ்டிக்கீன்' என்னும் சரக்குக் கப்பலின் அடித்தளத்திலிருந்து புகை எழுந்தது. அக்கப்பலில் ஏறத்தாழ 1,400 தொன் வெடிமருந்து இருந்தது. அதே கப்பலில் ஆயிரக்கணக்கான பஞ்சுப் பொதிகளும் இருந்தன. உலகப் போர் நடந்த காலம். எதனோடு எதை ஏற்றலாம், எதை ஏற்றலாகாது என்ற ஆராய்ச்சிக்கு அக்காலத்தில் இடமிருக்கவில்லை. புகையைக் கண்ட நேரத்துக்கும், மாலை 4 மணி 6 நிமிடத்துக்குக் கப்பல் வெடித்துச் சிதறிய நேரத்துக்கும் இடையில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் இருந்தது. அந்த இரண்டு மணி நேரத்தில் என்ன நடந்தது என்பதை முதலில் நினைவூட்ட விரும்புகின்றேன்.

வெடிமருந்தின் இயல்பறிந்த இராணுவ அதிகாரி ஒருவர் வந்தார். கப்பலை உடனே அமிழ்த்திவிட வேண்டும் என்றார். துறைமுகப் பொறுப்பாளரோ, அதனைத் திறந்த கடலுக்கு இழுத்துச் செல்வதே தக்கது என்றார். தீயணைப்புப் படைத் தலைவர் தீயை அணைத்துவிடலாம் என்று நம்பினார். மூவரும் தத்தம் தொழிலில் வல்லவர்கள். ஆனால் மூவருக்கும் மேலாக நின்று, 'இதுவே செய்க' என்று ஆணையிடுவதற்கு அங்கே ஒருவரும் இலர். ஆணை பிறவாத நிலையில், தீயணைப்பு வீரர்கள் தாம் அறிந்த தொழிலைச் செய்தனர், நீரை இறைத்தனர். பல நூறு தொன் நீர் கப்பலின் உள்ளே சென்றது. நீர் ஏற ஏற, எரிந்துகொண்டிருந்த பஞ்சுப் பொதிகள் மிதந்து மேலெழுந்து, மேற்றட்டிலே அடுக்கியிருந்த வெடிமருந்தை நெருங்கின. அணைக்க வார்த்த நீரே கொள்ளியைச் சுமந்து சென்றது என்று சொல்லலாம். பம்பாய்த் தீயணைப்புப் படையினர் 66 பேர் அன்று மாண்டனர். இந்தியாவில் ஏப்பிரல் 14ஆம் நாளைத் தீயணைப்புச் சேவை நாளாக நினைவுகூருவது அவர்களைக் குறித்தே.

நேயர்களே, தீங்கு செய்யும் இரசாயனப் பொருள்களை எதிர்கொள்ளும் படை ஒன்று. வெடிகுண்டைச் செயலிழக்கச் செய்யும் படை மற்றொன்று. இவ்விரு படையினரும் ஆபத்து நேருமுன்னர் ஒருங்கே பயிற்சி பெறுதல் வேண்டும் என்பதே எனது பேச்சின் பொருள். பாடசாலை அதிபர் ஒருவருக்கு, அதிலும் கலைப் பட்டதாரி ஒருவருக்கு, இவ்விடயத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். இவ்விரு படையினரும் வந்து சேரும்வரை பிள்ளைகளோடு நிற்பவர்கள் ஆசிரியர்களே. வந்து சேர்ந்தவர்கள் பம்பாயில் நின்றவர்களைப் போலத் தமக்குள் வாதாடிக்கொண்டு நின்றால் எங்கள் கதி யாது? அந்தக் கவலையே இத்துறை பற்றிக் கிடைத்தவற்றையெல்லாம் படிக்குமாறு என்னைத் தூண்டியது.

ஆபத்தை நோக்கி நடப்பவர்கள் என்ற அளவில் இரு சாராரும் ஒன்றே. ஆனால் அவர்களுடைய தொழில் விதிகள் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று எதிரானவை. குண்டு அகற்றுபவர் இறுதி நடையைத் தனியே நடப்பார். ஏதேனும் பிழைத்தால் ஓர் உயிர் மட்டுமே போகட்டும் என்பது அத்தொழிலின் விதி. இரசாயனப் படையினரோ தனியே செல்லவே மாட்டார்கள். இருவர் உள்ளே செல்ல வேண்டும். அவர்களை மீட்பதற்கு வேறிருவர் அதே உடையணிந்து வெளியே ஆயத்தமாக நிற்க வேண்டும். திரும்பி வருவோரைக் கழுவித் தூய்மை செய்யும் இடமும் முன்னரே அமைந்திருக்க வேண்டும்.

உடைகளை எடுத்துக்கொள்வோம். குண்டு அகற்றுபவர் அணியும் கவசம் 35 கிலோகிராம் அளவு நிறையுடையது. ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருவனை உடம்பெங்கும் சுற்றிக் கட்டிக்கொண்டு நடப்பது போன்றது அது. சிதறுகின்ற இரும்புத் துண்டை அக்கவசம் தடுக்கும். காற்றோடு வருகின்ற நஞ்சைத் தடுக்காது. இரசாயனப் படையினரின் உடையோ ஒரு துளி வாயுவும் புகாதவாறு ஒட்டப்பட்டது. முதுகிலுள்ள உருளைக் காற்றையே அவர்கள் சுவாசிப்பர். ஆனால் சிறியதோர் ஆணி பறந்து வந்தாலும் அவ்வுடை கிழிந்துபோம். வெடியும் நஞ்சும் ஒரே அறையில் இருக்கும்போது இவ்விருவருள் எவருடைய உடை போதும்? இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அணியும் முறை உண்டு. அப்படி அணிந்தவர் எவ்வளவு நேரம் குனிந்து வேலை செய்ய முடியும், உருளைக் காற்று எத்தனை நிமிடத்துக்குப் போதும், உடம்பின் சூடு எப்பொழுது மயக்கத்தைத் தரும் என்பவற்றையெல்லாம் அணிந்து பார்த்தே அறிய வேண்டும். குளிர் நாட்டுப் புத்தகத்தில் எழுதிய கணக்கு எங்கள் சித்திரை வெயிலுக்குப் பொருந்தாது.

வானொலிக் கருவியிலும் முரண்பாடு உண்டு. உள்ளே சென்றவர்களோடு இடையறாது பேசிக்கொண்டிருப்பது இரசாயனப் படையின் உயிர்நாடி. ஆனால் மின்னால் இயங்கும் வெடிதூண்டியின் அருகிலே வானொலி அலையை எழுப்புவதே ஆபத்து என்று குண்டு அகற்றுவோர் கற்றிருக்கின்றனர். செயற்கை இழை உடைகள் உராய்வதனால் எழும் சிறு மின்பொறியையும் அவர்கள் அஞ்சுவர். மேலும், குண்டு அகற்றுவோருக்கு விருப்பமான வழி, தொலைவில் நின்று அதனை அழித்துவிடுவதே. நஞ்சு நிறைந்த பாண்டத்தின் அருகில் அவ்வாறு செய்தால், அடைபட்டுக் கிடந்த நஞ்சு ஊரெங்கும் பரவும். மறுபுறத்தில், கசிகின்ற குழாயைக் கண்டவுடன் ஓடிச்சென்று மூட எண்ணுவது இரசாயனப் படையினரின் பழக்கம். மூடியைத் திருகினால் வெடிக்குமாறு எவனேனும் பொறி வைத்திருக்கலாம் என்பது அவர்களுக்குத் தோன்றாது. ஒருவருக்கு நல்ல பழக்கம் மற்றவருக்குக் கண்ணி.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். கனத்த கவசம் அணிந்த ஒருவர் நஞ்சு நிறைந்த அறையிலே மயங்கி விழுகின்றார். அவரைத் தூக்கி வருபவர்கள் இரசாயனப் படையினராகவே இருப்பர். அக்கவசத்தின் கொளுக்கிகள் எங்கே உள்ளன, எதை முதலில் கழற்றுவது, அவருக்கு மூச்சுக்காற்று அறுபடாமல் எவ்வாறு கழுவுவது என்பன அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? ரப்பர்க் கையுறை அணிந்த விரல்களால், இருட்டில், சில நிமிடங்களுக்குள் செய்யவேண்டிய வேலை அது. பலமுறை செய்து பழகிய கைக்கே அது வரும்.

1995ஆம் ஆண்டு மார்ச்சு 20ஆம் நாள் தோக்கியோ நகரின் சுரங்கப் புகையிரதங்களிலே சரின் என்னும் கொடிய நஞ்சைச் சிலர் பரப்பினர். ஒரு நிலையத்திலிருந்து வந்த முதற் செய்தி, அங்கே வெடிப்பு நிகழ்ந்தது என்பதே. வெடிப்பென்று எண்ணிச் சென்றவர்களை நஞ்சு வரவேற்றது. மீட்கச் சென்ற தீயணைப்புச் சேவையினர் 135 பேர் தாமும் நோயுற்றனர். பாதிக்கப்பட்டோருட் பலர் எவருக்கும் காத்திராமல், நடந்தும் வாடகை வண்டியேறியும் மருத்துவமனைகளுக்குச் சென்றனர். அவர்களுடைய உடையிலிருந்த நஞ்சு அங்கிருந்த மருத்துவரையும் தாதியரையும் தீண்டியது. முந்திய ஆண்டிலே மற்சுமோத்தோ நகரில் அதே நஞ்சுக்கு ஆளானோரைப் பார்த்திருந்த மருத்துவர் ஒருவர், தொலைக்காட்சியிற் காட்சிகளைக் கண்டு, தாமாகவே தோக்கியோ மருத்துவமனைக்குத் தொலைபேசியில் அழைத்து இன்ன நஞ்சாக இருக்கலாம் என்று கூறினார். அறிந்தவர் அழைத்தது நற்பேறு. நற்பேற்றை நம்பி ஒரு நாடு தன் காவலை அமைத்துக்கொள்ள முடியாது.

இவையெல்லாம் பெருநகரங்களின் கதை, எங்கள் கரைக்கு இவற்றால் ஆவது என்ன என்று எண்ணற்க. கிழக்கு மாகாணம் இவ்விடயத்தில் அனுபவமற்ற பூமியன்று. 1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில், மட்டக்களப்பு மாவட்டத்துக் கிரான் இராணுவ முகாமைத் தாக்கிய விடுதலைப் புலிகள், அருகிருந்த கடதாசி ஆலையிலிருந்து கொணர்ந்த குளோரின் வாயுவைப் பயன்படுத்தினர். 60க்கு மேற்பட்ட படையினர் அதனால் பாதிக்கப்பட்டனர். கடதாசியை வெளுக்க வைத்திருந்த பொருள் அது. குடிநீரைத் தூய்மையாக்குவதும் அதே பொருள்தான்.

2010ஆம் ஆண்டு செத்தெம்பர் 17ஆம் நாள், அதே மாவட்டத்தில் கரடியனாற்றுப் பொலிஸ் நிலைய வளவிலே கொள்கலன்களில் வைத்திருந்த வெடிமருந்து வெடித்து 20க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். வீதி வேலைக்கெனக் கற்பாறை உடைப்பதற்குக் கொணர்ந்த மருந்து. அங்கே பகைவர் எவரும் இலர். 2016ஆம் ஆண்டு யூன் 5ஆம் நாள் கொசுகமைச் சாலாவ முகாமின் ஆயுதக் களஞ்சியம் தீப்பற்றி வெடித்தபோது, சுற்றுப்புற வீடுகள் சிதைந்தன. வெடித்தவற்றோடு வெடியாதவையும் மக்களின் தோட்டங்களிலே வந்து விழுந்தன. அத்தகைய வளவு ஒன்றில் எது வெடிக்கும் என்று பார்ப்பவரும், மண்ணிலும் கிணற்றிலும் என்ன கலந்தது என்று பார்ப்பவரும் ஒன்றாகவே நடக்க வேண்டும்.

2019ஆம் ஆண்டு ஏப்பிரல் 26ஆம் நாள் இரவு சாய்ந்தமருதில் நிகழ்ந்ததை இக்கரையார் மறக்கவில்லை. உயிர்த்த ஞாயிற்றுத் தாக்குதல்களோடு தொடர்புடையோர் தங்கியிருந்த வீட்டினுள்ளே குண்டுகளை வெடிக்கச் செய்தனர். சிறு பிள்ளைகளும் மாண்டனர். அவ்வீட்டாரில் ஐயங்கொண்டு தகவல் கொடுத்தவர்கள் அவ்வூர் முஸ்லிம் மக்களே என்பதை அயலூர்த் தமிழனாகிய நான் அழுத்திச் சொல்ல விரும்புகின்றேன். அதே நாளில் சம்மாந்துறையில் ஒரு வீட்டிலிருந்து வெடிபொருள்கள் மீட்கப்பட்டன. வீட்டறையிலே வெடிமருந்து கூட்டுமிடம் பாதி இரசாயனச் சாலை, பாதி வெடிகுண்டு. அதனுள் முதலிற் காலடி வைக்கவேண்டியவர் எந்தப் படையினர் என்பதே இரு படையும் கூடி முன்னரே தீர்க்கவேண்டிய கேள்வி.

நல்ல எடுத்துக்காட்டும் எங்கள் கடலிலேயே உண்டு. 2020ஆம் ஆண்டு செத்தெம்பர் 3ஆம் நாள், 2,70,000 தொன் மசகெண்ணெயோடு சென்ற 'நியூ டயமண்ட்' என்னும் கப்பல் சங்கமன்கண்டி முனைக்குக் கிழக்கே தீப்பற்றியது. கப்பலூழியர் ஒருவர் உயிரிழந்தார். இலங்கைக் கடற்படையும் விமானப்படையும் இந்தியக் கரையோரக் காவற்படையும் கூடி நின்று பல நாள் போராடின. ஒருமுறை தணிந்த தீ மீண்டும் மூண்டது, மீண்டும் அணைத்தனர். எண்ணெய்க் கிடங்கைத் தீ அண்டவில்லை. அண்டியிருந்தால், பொத்துவில் முதல் மருதமுனை வரை வலையிழுக்கும் எத்தனை குடும்பங்கள் தொழிலிழந்திருக்கும் என்று சொல்லவும் வேண்டுமோ?

எங்கள் நாட்டில் திறமைக்குக் குறைவில்லை. பொலிஸ் விசேட அதிரடிப் படையிலே குண்டு அகற்றும் பிரிவு உண்டு. தரைப்படை, கடற்படை, விமானப்படை ஆகியவற்றிலும் அத்தகையோர் உண்டு. இரசாயன, உயிரியல், கதிரியக்க ஆபத்துகளை எதிர்கொள்ளும் பிரிவைத் தரைப்படை அமைத்திருக்கின்றது. இரசாயன ஆயுதத் தடை உடன்படிக்கையை நிறைவேற்றும் தேசிய அதிகாரசபை 2007ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டத்தினாலும், அனர்த்த முகாமைத்துவ ஒழுங்குகள் 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தினாலும் தோன்றின. தீயணைப்புப் படைகளோ பெரும்பாலும் உள்ளூராட்சிச் சபைகளின் கீழ் உள்ளன. இத்தனை வாயில்களையுடைய வீட்டில் அவரவர் தத்தம் முற்றத்திலே பயின்றால், அழைப்பு வரும் நாளில் முதன்முறையாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பர்.

பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலைச் சூழ வாழ்பவர்களுக்குப் பாரதக் கதையைச் சொல்லித்தர வேண்டுவதில்லை. அபிமன்யு சக்கர வியூகத்தை உடைத்து உட்புகும் வித்தை அறிந்தவன். வெளிவரும் வித்தை அறியாதவன். அது எல்லோருக்கும் நினைவிருக்கின்றது. 'நீ உடைத்துச் செல், நாங்கள் உன் பின்னே வருகின்றோம்' என்று தந்தைமார் வாக்களித்ததும், சயத்திரதன் வாயிலை மறித்ததும், வீமன் முதலான வீரர்கள் வெளியே நின்றுவிட்டதும் அவ்வளவாக நினைக்கப்படுவதில்லை. பின்வருவோம் என்றவர்கள் வர இயலாது போனதே அன்று அவனைக் கொன்றது என்பது என் கருத்து.

ஆயினும், ஒருங்கே பயிற்சி என்று பெயர் சூட்டிவிட்டால் மட்டும் போதாது. பிரித்தானியாவில் மூன்று அவசர சேவைகளும் இணைந்து செயற்படுவதற்கான விதிமுறைகளை 2012ஆம் ஆண்டு முதல் வகுத்தனர்; ஏடுகள் எழுதினர்; ஒத்திகைகளும் நடத்தினர். 2017ஆம் ஆண்டு மே 22ஆம் நாள் மான்செஸ்டர் நகரத்து அரங்கொன்றிலே குண்டு வெடித்து 22 பேர் கொல்லப்பட்டனர். அயலிலிருந்த தீயணைப்பு நிலையத்தில் வெடிச்சத்தம் கேட்டது. கேட்டும், தீயணைப்புப் படையினர் அவ்விடத்தை அடைய இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று. எங்கே கூடுவது என்பதில் சேவைக்கொரு முடிவு. ஒருவர் அறிந்ததை மற்றவர் அறியவில்லை. தலைவர்கள் மாத்திரம் மண்டபத்திலே கூடித் தேநீர் அருந்திக் கைச்சாத்திடும் பயிற்சி பயிற்சியன்று. தொலைபேசியை முதலில் எடுக்கும் இளநிலை அலுவலரும், தண்ணீர்க் குழாயைப் பிடிக்கும் தொழிலாளியும் அதிலே இருக்க வேண்டும். ஒத்திகையில் ஒரு முறையாவது வானொலி வேலை செய்யாமற் போக வேண்டும். தலைவர் ஒருவர் வராமலிருக்க வேண்டும். காற்றுத் திசைமாற வேண்டும். எல்லாம் செவ்வனே நடந்தது என்று அறிக்கை எழுதப்படும் ஒத்திகையில் எவரும் எதையும் கற்றிரார்.

கல்முனைப் பகுதிக்கு அத்தகைய ஒத்திகை ஒன்று வருமாயின் அது எவ்வாறு அமைய வேண்டும் என்பதை நான் பலமுறை எண்ணியதுண்டு. கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பொத்துவில் வழியாக மட்டக்களப்புக்குச் செல்லும் ஏ-4 வீதி எங்கள் ஊர்களை ஊடறுத்துச் செல்கின்றது. எரிபொருட் கொள்கல வண்டியும் எரிவாயு உருளை ஏற்றிய லொறியும் உரமும் கிருமிநாசினியும் அவ்வீதியாலேயே போகின்றன. வீதியின் இரு மருங்கும் பாடசாலைகள், கோயில்கள், பள்ளிவாசல்கள், சந்தைகள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயல். இடையிலே நெருங்கிய குடிமனைகள். கச்சான் வீசும் காலத்தில் புகை கடற்பக்கம் போகும். வாடைக் காலத்தில் ஊருக்குள்ளேயே வரும். குளோரின் போன்ற வாயு காற்றிலும் கனத்தது. தாழ்ந்த ஒழுங்கைகளிலே தேங்கி நிற்கும். ஆதலின் மக்களை எப்பக்கம் அனுப்புவது என்பது மாதத்துக்கு மாதம் மாறும். இதை வெளியூரிலிருந்து வரும் படையினர் அறியார், மீனவர் அறிவர். ஒத்திகைக்கு மீனவர் சங்கத்தையும் அழைக்க வேண்டும் என்பேன்.

கல்முனையில் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் வடக்கு ஆதார வைத்தியசாலையும் அண்மையண்மையாக உள்ளன. தோக்கியோவில் நடந்ததைப் போல, மக்கள் படையினருக்குக் காத்திராது தாமே ஓடுவர். தமிழர் ஒன்றுக்கும் முஸ்லிம்கள் மற்றதற்கும் ஓடுவார்கள் என்று எதிர்பார்க்கலாம். எந்த வைத்தியசாலை எதைச் செய்வது, வாயிலிலே கழுவும் இடம் எங்கே, அந்த நீர் எங்கே வடியும் என்பவற்றை இரு வைத்தியசாலைகளும் கூடியிருந்து தீர்க்க வேண்டும். வருகின்ற படையினர் சிங்களத்தில் ஆணையிடுவர். எங்கள் முதியோருக்கு அது விளங்காது. கைபேசியிலே மொழிபெயர்த்துக்கொண்டிருக்க அன்று நேரமிராது. நாலைந்து கட்டளைகளைத் தமிழிலே உரத்துச் சொல்ல அவர்களுக்குக் கற்பிப்பது ஓர் ஆசிரியருக்கு ஒரு காலைப்பொழுது வேலை.

எல்லாவற்றிலும் கடினமானது வேறொன்று. நஞ்சு படிந்தவரின் மேலாடையைக் களைந்துவிட்டால், நஞ்சின் பெரும்பகுதி அதனோடே போய்விடும் என்று இத்துறை அறிஞர் கூறுகின்றனர். மருந்துக்கும் முந்திய மருந்து அதுவே. ஆனால் நடுவீதியிலே, முகம் தெரியாத முகமூடி ஆடவன் ஒருவன், புரியாத மொழியில், 'உடையைக் களை' என்று சொன்னால், எங்கள் ஊர்ப் பெண் எவளாவது களைவாளா? மருதமுனைத் தாயும் களையமாட்டாள். பாண்டிருப்புத் தாயும் களையமாட்டாள். மானத்தோடு அந்த ஆடையைப் பற்றிக்கொண்டே நிற்பாள். ஆடையிலுள்ள நஞ்சு அவளையும், அவள் இடுப்பிலுள்ள குழந்தையையும் தின்னும். இதை அறியாமை என்று இகழ்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பெண்கள் கழுவுமிடம் வேறாக இருக்க வேண்டும். அங்கே பெண்களே பணிபுரிய வேண்டும். மாற்றுடையும் தலையை மூட ஒரு துணியும் ஆயத்தமாக இருக்க வேண்டும். இரு படையிலும் பயிற்சி பெற்ற பெண்கள் எத்தனை பேர் என்று முதலில் எண்ணிப் பார்க்கட்டும். போதாவிடில் எங்கள் ஆசிரியைகளையும் தாதியரையும் அழைத்துப் பயிற்றட்டும். அவர்கள் பின்னிற்க மாட்டார்கள்.

பாடசாலை விடுமுறைக் காலத்தில் அந்த ஒத்திகையை நடத்தலாம். உயர்தர வகுப்பு மாணவர்கள் காயமுற்றோராக நடிக்க மகிழ்ந்து முன்வருவர். பாடசாலை மண்டபமும் மைதானமும் கிணறும் உள்ளன. கழுவுமிடத்தைச் சுற்றிக் கட்டத் திரைச்சீலை வேண்டும். அதற்கு வேண்டிய துணியை நெய்துகொடுக்க மருதமுனையில் தறிகள் இருக்கின்றன.